வீணை பயின்ற கிதார்

இசைத்தமிழ் ஆராய்ச்சியின் வரலாறு நம் வட்டத்து அன்பர்களுக்குப் புதியதன்று. 1892இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். 1917இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1947இல் விபுலானந்த அடிகளின் யாழ் நூல் அரங்கேறியது. 1956இல் எஸ். இராமநாதனின் ‘சிலப்பதிகாரத்து இசைத்தமிழ்’ வந்தது. இவ்வரிசையை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதில் இறுதியாகச் சொன்ன அறிஞரிடம் வீணை பயின்றோருள் ஒருவர், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கிகளின் முன் நின்று மின்கிதார் வாசித்துப் புகழ்பெற்ற ஓர் ஆங்கிலேயர் என்னும் செய்தி நம்மவர் பேச்சில் அடிபடுவது அரிது. ஜான் மெக்லாக்லின் என்னும் அக்கலைஞரையும் அவருக்குக் கற்பித்த, அவரோடு அமர்ந்து வாசித்த தமிழ் இசைவாணர்களையும் பற்றியது இக்கட்டுரை.

இராமநாதன் நமக்கு அயலாரும் அல்லர். பழைய தென்னாற்காடு மாவட்டத்து வளவனூரில் 1917இல் பிறந்தவர். கருணாமிர்த சாகரம் வெளிவந்த அதே ஆண்டு. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பேருந்தேறினால் எளிதில் அடையக்கூடிய சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். டைகர் வரதாச்சாரியாரும் தஞ்சை பொன்னையா பிள்ளையும் அவருக்கு ஆசிரியர்கள். பின்னாளில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்னும் சிற்றூரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அங்கே முனைவர் பட்டத்திற்கு அவர் அளித்த ஆய்வும் சிலப்பதிகார இசை பற்றியதே. 1985இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. 1988இல் மறைந்தார்.

எனக்கு மெக்லாக்லின் அறிமுகமானது தலைகீழ் வரிசையில். முதலில் கையில் கிடைத்தது ‘சக்தி’ குழுவின் ஒலிநாடா. அதில் கிதார் வாசிப்பவர் யார் என்ற கேள்வி அவருடைய தனி இசைத்தட்டுகளுக்கு இட்டுச்சென்றது. அவை மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும், அது மைல்ஸ் டேவிஸின் தட்டுகளுக்கும், அங்கிருந்து 1960களின் லண்டனுக்கும் அழைத்துச் சென்றன. ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து ஊற்றை நோக்கி நடப்பது போன்ற இவ்வழி ஒரு விதத்தில் நல்லதே. முதலில் பழகிய காதுக்கு ஒவ்வொரு தட்டிலும் இன்னும் வந்துசேராத ஒன்று எது என்பது கேட்கும். வரலாறு என்னவோ நேர்வரிசையைத்தான் கேட்கிறது. ஆகவே ஊற்றிலிருந்தே தொடங்குவோம்.

1942 ஜனவரி 4ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள டான்காஸ்டரில் மெக்லாக்லின் பிறந்தார். தாயார் வயலின் வாசிப்பவர். பதினொரு வயதில் கிதார் கைக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் லண்டனுக்குச் சென்று ஜார்ஜி ஃபேம், கிரஹாம் பாண்ட் ஆகியோரின் குழுக்களில் வாசித்தார். கிரஹாம் பாண்டின் குழுவில் உடன் இருந்தவர்கள் பின்னர் ‘க்ரீம்’ என்னும் ராக் குழுவால் உலகப்புகழ் பெற்ற ஜாக் புரூஸும் ஜிஞ்சர் பேக்கரும். பிறர் பாடல்களுக்குக் கூலிக்கு வாசித்துக் கொடுக்கும் ஒலிப்பதிவுக்கூட வேலையும் இவருக்கு இருந்தது. 1969 ஜனவரியில் பதிவான ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ இவர் பெயரில் வந்த முதல் இசைத்தட்டு. ஜான் சர்மன் சாக்ஸஃபோன் வாசித்த அத்தட்டைக் கேட்டால் முதிர்ந்த ஜாஸ் கலைஞர் ஒருவரைக் காண்கிறோம். அவரைப் பின்னாளில் ராக் கலைஞர் என்று உலகம் அழைக்கப்போகிறது என்று ஊகிக்க முடியாது.

அடுத்த மாதமே நியூயார்க். டோனி வில்லியம்ஸ் என்னும் இளம் டிரம்ஸ் கலைஞரின் ‘லைஃப்டைம்’ குழுவில் சேர்வதற்காகச் சென்றவரை, வந்திறங்கிய சில நாட்களிலேயே மைல்ஸ் டேவிஸ் தம் ஒலிப்பதிவுக்கு அழைத்தார். ‘இன் எ சைலன்ட் வே’ அவ்வாறு உருவானது. அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவான ‘பிட்சஸ் புரூ’ தட்டில் ஓர் இசைக்கூறுக்கு இவர் பெயரையே சூட்டினார் மைல்ஸ். ஜாஸ் இசையும் ராக் இசையும் ஒன்றையொன்று கண்டுகொண்ட காலம் அது.

1971இல் வந்த ‘மை கோல்ஸ் பியாண்ட்’ என்னும் தனித்தட்டை இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். மின்னிணைப்பு இல்லாத மரக்கிதார். ஒரு பக்கத்தில் தம்பூராவும் பாதல் ராயின் தபலாவும் உண்டு. இனிய தட்டுதான். ஆயினும் அதில் நம் நாட்டு இசை ஊதுபத்தி மணம்போல அறையில் பரவியிருக்கிறதே தவிர, கிதாரின் நரம்புக்குள் இறங்கவில்லை. இதற்கும் ஐந்தாண்டு கழித்து வந்த ‘சக்தி’க்கும் இடையே நடந்தது என்ன என்பதே நான் இக்கட்டுரையில் விடைதேடும் கேள்வி.

அதற்கு முன் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா வருகிறது. நியூயார்க்கில் வாழ்ந்த வங்காளத் துறவி ஸ்ரீ சின்மாயின் சீடரான மெக்லாக்லினுக்குக் குரு சூட்டிய பெயர் மகாவிஷ்ணு; அப்பெயரையே 1971இல் தொடங்கிய குழுவுக்கும் வைத்தார். பூவராகப் பெருமாள் கோயில்கொண்ட ஊரில் வாழும் நமக்கு, ராக் குழுவுக்கு இப்படியொரு பெயரா என்று புன்னகை தோன்றத்தான் செய்யும். பில்லி காபம் டிரம்ஸ், ஜான் ஹாமர் விசைப்பலகை, ஜெர்ரி குட்மன் வயலின், ரிக் லெயர்ட் பேஸ் கிதார். ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்’ 1971இலும் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1973இலும் வெளிவந்தன. ஆறு நரம்பும் பன்னிரண்டு நரம்புமாக இரண்டு கழுத்துடைய கிதாரை ஏந்தி இவர் வாசித்த வேகம் அந்நாளைய இளைஞரைத் திகைக்கவைத்தது. ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தட்டின் தலைப்புக்கூறு பதினெட்டு எண்ணிக்கையில் சுழல்வது. ராக் இசையின் வழக்கமான நான்கு எண்ணிக்கைக்குப் பழகிய கால்களுக்கு அது எங்கே இறங்குகிறது என்று பிடிபடாது. ஒன்பதை இரட்டித்து எண்ணிப் பழகிய நம் கைகளுக்கு ஓரளவு பிடிபடும். 1973 இறுதியில் குழு கலைந்தது. புதிய உறுப்பினரோடு மீண்டும் கூட்டி, லண்டன் சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் ‘அபோகலிப்ஸ்’ தட்டை 1974இல் வெளியிட்டார். அதன் பிரம்மாண்டம் என் மனத்தில் ஒட்டவில்லை. அந்த வரிசையில் 1976இல் வந்த ‘இன்னர் வோர்ல்ட்ஸ்’ இன்னும் சோர்வளிப்பது. தம் கருவியின் ஓசையிலேயே அவருக்கு ஓர் அலுப்பு வந்துவிட்டதோ என்று ஐயுறவைக்கும் தட்டு அது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான், 1970களின் முற்பகுதியில், அவர் வெஸ்லியனுக்குச் சென்று இராமநாதனிடம் வீணை கற்றார். அப்பல்கலைக்கழகம் அந்நாளில் கடல்கடந்த ஒரு தமிழிசைக் கூடமாகவே விளங்கியது எனலாம். பாலசரஸ்வதியின் தம்பியர் இருவர், மிருதங்கம் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் டி. விசுவநாதனும், அங்கே ஆசிரியர்கள். ராம்நாடு கிருஷ்ணன் அங்கே பாட்டுக் கற்பித்திருக்கிறார். அவருடைய தம்பி ராம்நாடு ராகவன் மிருதங்கம் கற்பித்தார். இளம் வயலின் கலைஞர் எல். சங்கர் ஆய்வு மாணவராக இருந்தார். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன் அவர், அண்ணன்மார் எல். வைத்தியநாதனையும் எல். சுப்பிரமணியத்தையும் அறியாதார் இலர்.

மைல்ஸ் டேவிஸிடமிருந்து வந்த கிதார் கலைஞரும் சிலப்பதிகாரத்திலிருந்து வந்த ஆசிரியரும் எந்த இடத்தில் சந்தித்திருக்க முடியும்? பாலைகளில் என்பது என் கருத்து. ஏழு சுரங்களை மாற்றாமல், குரல் நிற்கும் இடத்தை மட்டும் ஒவ்வொரு நரம்பாகப் பெயர்த்து ஏழு பெரும்பாலைகளைப் பிறப்பிக்கும் முறை நமக்குத் தெரிந்ததே. செம்பாலையை அரிகாம்போதி எனக் கொண்டால் படுமலைப்பாலை நடபைரவி, அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரகரப்பிரியா, விளரிப்பாலை தோடி, மேற்செம்பாலை கல்யாணி என அமையும். செவ்வழிப்பாலை மட்டும் பஞ்சமம் இழந்து இரு மத்திமங்களோடு நிற்கும். மேலைநாட்டில் ‘மோடு’ என வழங்குவதும் இதே பெயர்ப்புதான். அவர்களுடைய ‘டோரியன்’ நம் கோடிப்பாலை. ‘ஃபிரிஜியன்’ நம் விளரிப்பாலை. 1959இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டின் முதற்கூறு முழுவதும் டோரியனில் நிற்பது. அடிக்கடி மாறும் சுரக்கூட்டுகளை விட்டுவிட்டு ஒரே பாலையில் நெடுநேரம் தங்கி மனோதர்மமாக வாசிக்கும் அவ்வழியில் பழகியவருக்கு, ஒரு ராகத்தில் தங்குதல் என்பது கதவு பாதி திறந்திருந்த வீடு. மீதிக் கதவைத் திறந்தது கமகம். டோரியனுக்கும் கரகரப்பிரியாவுக்கும் சுரங்கள் ஒன்றே. கரகரப்பிரியாவைக் கரகரப்பிரியா ஆக்குவது சுரங்களுக்கு இடையிலுள்ள அசைவு. அது ஏட்டில் இல்லை. ஆசிரியரின் இடக்கை விரலில் இருக்கிறது.

இதைக் கற்றதன் பயன் கருவியிலேயே தெரிந்தது. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால், இரு மெட்டுகளுக்கிடையே விரல் மரத்தைத் தொடுவதில்லை. நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து நாலைந்து சுரங்களை ஒரே மெட்டில் பேசவைக்கலாம். கிதாரில் மெட்டுக்குக் கீழே உடனே பலகை வந்துவிடும். கிப்ஸன் நிறுவனத்துக்காக ஏபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர் மெக்லாக்லினுக்குச் செய்துதந்த கிதாரில் மெட்டுகளுக்கிடையே பலகை பள்ளமாகக் குடையப்பட்டது. ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு சுருதி நரம்புகள் கட்டப்பட்டன. வீணையின் பக்கத்திலுள்ள மூன்று தாள நரம்புகளை நினைவூட்டும் ஏற்பாடு இது. தம்பூராவை மணத்துக்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்வது ஒன்று. தன் கருவியின் மரத்தையே குடைந்து இடங்கொடுப்பது வேறொன்று. 1971க்கும் 1976க்கும் இடையிலான வேறுபாட்டை நான் இந்தப் பள்ளத்தில்தான் காண்கிறேன்.

‘சக்தி’ பிறந்தது. மெக்லாக்லின், எல். சங்கர், தபலா ஜாகிர் ஹுசேன், மிருதங்கம் ராம்நாடு ராகவன், கடம் டி.எச். விநாயக்ராம். 1975 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது முதல் தட்டு, 1976இல் வெளிவந்தது. ராகவன் அத்தோடு விலக, நால்வராக ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ என மேலும் இரண்டு தட்டுகளை வெளியிட்டனர். முதல் தட்டின் பெயர் ‘சக்தி வித் ஜான் மெக்லாக்லின்’. அட்டையில் ஒரு பெயர் மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றும். விற்பனைக்கு அப்பெயர் வேண்டியிருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளேயிருக்கும் இசையில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. சங்கரின் வயலின் பல இடங்களில் கிதாரை முந்திச் செல்கிறது. கிதார் அதைத் தடுப்பதில்லை.

கடத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை அறிந்த நமக்கு மண்ணின் குணம் தெரியும். ஒரே சூளையில் வெந்த இரண்டு பாண்டங்கள் ஒரே ஓசை தருவதில்லை. பளபளப்பு ஏற்றப்படாத மானாமதுரைக் கடமும் அப்படியே. கனத்த சுவரும் கணீரென்ற நாதமும் உடைய அதற்குச் சுருதி சூளையிலேயே விதிக்கப்பட்டுவிடுகிறது. மிருதங்கம்போல வாரை இழுத்துக் கூட்டிக் குறைக்க முடியாது. பாடகருக்கேற்ற பானையைத்தான் தேட வேண்டும். கச்சேரி மேடையில் அது உபபக்கவாத்தியம். மிருதங்கக்காரர் தனியாவர்த்தனத்தில் விட்டுக்கொடுக்கும் சில நிமிடங்களே அதன் பங்கு. ‘சக்தி’யில் அதே கடம் கிதாருக்கும் வயலினுக்கும் நிகராக முன்வந்து அமர்ந்தது. அதை வாசித்த விநாயக்ராமும் மெக்லாக்லினும் 1942இல் பிறந்த ஓராண்டினர். விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் நிறுவிய ஸ்ரீ ஜய கணேஷ் தாளவாத்திய வித்யாலயம் இந்த வரலாற்றின் இன்னொரு பள்ளிக்கூடம்.

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே நிறுத்திச் சொல்கிறார். தண்ணுமைக்காரருக்கு அங்கே பின்வரிசை இல்லை. அக்காப்பியத்தின் இசையில் ஆயுளைச் செலவிட்டவரிடம் பயின்ற ஒருவர் அமைத்த குழுவில் தாளக்கருவிகள் முன்வரிசைக்கு வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். அவ்வாறு எண்ண எனக்கு விருப்பமில்லை.

கவிஞர்கள் இக்குழுவில் கவனிக்க வேண்டியது கொன்னக்கோல். ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யில் ஒரு கூறு சொற்கட்டிலேயே தொடங்குகிறது. கருவி எதுவுமின்றி நாவினால் எழுப்பப்படும் அந்தச் சொற்களுக்குப் பொருளில்லை. ஆனால் இலக்கணம் உண்டு. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐந்து சாதிகளும் ஒன்றையொன்று கடந்து, விலகி, தீர்மானத்தில் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. அருணகிரியாரின் சந்தம் இயங்குவதும் இக்கணக்கிலேதான். முட்டம் என்று நம் ஊரையும் திருப்புகழில் பாடிய அவர், சொல்லுக்குப் பொருளும் வைத்துக் கணக்கையும் தவறவிடாதவர். யாப்பைத் துறந்து எழுதும் நம்மில் பலர் சந்தத்தை ஒரு விலங்கு என்றே எண்ணிவந்திருக்கிறோம். எந்த மரபிலும் பிறக்காத ஓர் அயல்நாட்டுக் கலைஞர் அதே கணக்கை ஒரு விடுதலையாகக் கண்டு நாற்பதாண்டுக்கு மேலாக விடாமல் பற்றியிருந்தார் என்பது, நம் வட்டத்தில் நெடுநாளாக நடந்துவரும் அந்த வாதத்தில் ஒரு சாட்சியாகச் சேரட்டும். 2007இல் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோலைக் கற்பிக்கும் காட்சிவட்டு ஒன்றையே அவர் வெளியிட்டார்.

1978இல் ‘சக்தி’ கலைந்தது. மின்னலும் இடியும் எதிர்பார்த்து வந்த ராக் ரசிகருக்குச் சம்மணமிட்டு அமர்ந்து மரக்கிதார் வாசிக்கும் குழு ஏமாற்றமாக இருந்திருக்கும். நம்மவரிலும் சிலர் அதைக் கலப்பிசை என்று ஒதுக்கினர். அவர்களை முற்றும் குறை சொல்ல மாட்டேன். தாளவாத்தியத்தைத் தாளிசம்போலத் தூவிவிட்டு ‘ஃப்யூஷன்’ என்று பெயர் சூட்டும் தட்டுகள் பின்னாளில் ஏராளமாக வந்தன. ஆனால் கற்றுக்கொண்டு வருபவரையும் கடன் வாங்கி வருபவரையும் ஒரே தராசில் நிறுப்பது விமரிசனம் ஆகாது.

அதற்குப் பிந்திய தனித்தட்டுகள் பல திசைகளில் செல்கின்றன. எல்லாம் ஒரு தரத்தன அல்ல. ஸ்பானிய கிதார் மேதை பாகோ தெ லூசியா, அல் டி மியோலா ஆகியோருடன் 1980 டிசம்பரில் வாசித்து 1981இல் வெளிவந்த ‘ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’ பெரும்புகழ் பெற்றது. அதில் வேகம் சில இடங்களில் வேகத்துக்காகவே நிற்கிறது. பியானோ கலைஞர் பில் எவான்ஸின் நினைவாக 1993இல் வந்த ‘டைம் ரிமெம்பர்ட்’ மென்மையின் எல்லை. 2008இல் வெளியான ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’ சென்னையிலேயே பதிவானது.

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் பழைய குழு புத்துயிர் பெற்றது. விரைவில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும், கஞ்சிராவுடன் செல்வகணேஷும், பின்னர் பாடகர் சங்கர் மகாதேவனும் சேர்ந்தனர். மேலைநாட்டுக் கருவியொன்றைச் சிறுவனாக இருக்கும்போதே கர்நாடக இசைக்கு வசப்படுத்திய ஸ்ரீநிவாஸும், கர்நாடக இசையைத் தேடி வந்த மேலைநாட்டுக் கிதாரும் நேர்நின்று உரையாடும் பகுதிகள் 2000இல் வந்த ‘தி பிலீவர்’ தட்டில் உள்ளன. 2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் தம் நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். கணேஷ் ராஜகோபாலனின் வயலினோடு 2023இல் வெளிவந்த ‘திஸ் மொமெண்ட்’ 2024இல் கிராமி விருது பெற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் ஹுசேனும் மறைந்தார்.

இவ்விசையைப் புதிதாகக் கேட்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். ‘சக்தி’யின் முதல் தட்டில் ‘லோட்டஸ் ஃபீட்’ என்னும் சிறிய கூறு இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அதை முதலில் கேளுங்கள். பிறகு அதே தட்டின் தொடக்கத்திலுள்ள, பதினெட்டு நிமிடம் நீளும் ‘ஜாய்’. பிறகு ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’. இதற்கு ஒலியைச் சற்றுக் குறைத்துவைத்துக் கொள்வது அக்கம்பக்கத்தாருக்கு நல்லது. அதன்பின் ‘மை கோல்ஸ் பியாண்ட்’, இறுதியாக ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’. இவ்வரிசையில் கேட்டு முடித்தவர் மறுநாள் காலையில் இராமநாதனின் நூலில் பாலைகள் பற்றிய பகுதியை எடுத்துப் படிக்கலாம்.